கருப்பட்டித் தண்ணீர் மேல் போட்ட பழி

தொண்ணூறுகளின் நடுவில், ஓர் ஐப்பசி மாதம். அப்போது பாளையங்கோட்டையில் ஆசிரியையாக இருந்தேன். மகளுக்கு எட்டாம் மாதம். சுகப்பிரசவம் ஆகவேண்டும் என்று திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்துகொண்டு, சஷ்டிக்கு ஆறு நாளும் வெறும் கருப்பட்டித் தண்ணீரில் விரதம் இருப்பதாக முடிவு. பிடிவாதம் எனக்குக் கொஞ்சம் கூடுதல்.

இரண்டாம் நாளே முழங்கால் வலி உயிரை எடுத்தது. பாழாய்ப்போன உடம்புக்கு இப்போதுதானா வரவேண்டும் என்று திட்டிக்கொண்டே, தெருமுனை மருந்துக்கடையில் வலி மாத்திரை வாங்கினேன். விரதத்தில் சாப்பாடுதானே கூடாது, மாத்திரைக்கு என்ன? காலையிலும் மாலையிலும் வெறும் வயிற்றில் விழுங்கினேன். ஐந்தாம் நாள் மலம் தார் மாதிரி கறுத்துப் போனது. எல்லாம் கருப்பட்டி செய்கிற வேலை என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு, வீட்டில் மூச்சுவிடவில்லை.

அன்று மாலை மறுபடியும் மாத்திரை கேட்டுப் போனேன். கடைக்கார அண்ணாச்சி என் முகத்தையே பார்த்தார்.

"என்ன டீச்சர், இப்படி வெளிறிப்போய் இருக்கிய? சாப்பிட்டியளா?"

விரதம் என்றேன். குரலைத் தாழ்த்தி, "வெளிக்கி கறுப்பாப் போகுதா?" என்று கேட்டாரே பார்க்கலாம். நாலு பேர் நிற்கிற இடத்தில் ஒரு பெண்ணிடம் கேட்கிற கேள்வியா இது?

"கருப்பட்டி குடிச்சா வேற எப்படிப் போகும்?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் கோபப்படவில்லை. "கருப்பட்டிக்கு அப்படிப் போகாது டீச்சர். அது ரத்தம்" என்றார்.

எனக்குக் கண் இருட்டியது. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, அவரே என்னை ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். மகள் பிரசவத்துக்கு நான் இருப்பேனா என்பது ஒன்றுதான் வழியெல்லாம் நினைப்பு.

குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா சிரித்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. புண் சின்னதுதான், ரத்தமும் தானாகவே நின்றிருந்தது.

"நம்ம உடம்புல ஒரு ஹார்மோன் உண்டும்மா. பட்டினி கிடந்தா அது கூடுதலாச் சுரந்து, மாத்திரை வயித்தை அரிச்சிராம காக்கும். இத்தனை நாளா அதுதான் தாங்கியிருக்கு. அதுக்கும் ஒரு அளவு உண்டுல்லா? முதல்ல கஞ்சியைக் குடிங்க" என்றார்.

குடித்தேன். விரதம் முறிந்துவிட்டதே என்ற வருத்தம் துளிகூட வரவில்லை. அடுத்த மாதக் கடைசியில் பேத்தியைக் கையில் வாங்கினேன்.

இப்போதும் யாராவது தன் உடம்பைத் திட்டினால் எனக்குச் சுருக்கென்று இருக்கும். நான் திட்டிக்கொண்டிருந்த அத்தனை நாளும், சோறுகூடக் கேட்காமல் எனக்குக் காவல் நின்றது அந்தப் பாழாய்ப்போன உடம்புதான்.