திடமான பிள்ளை

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், லண்டன் வால்தம்ஸ்டோவில் நான் படித்த பள்ளிக்கு ஒரு பெண்மணி வந்தார். பிள்ளைகளின் மனநலத்தை அளப்பது அவருடைய வேலை. "உங்களிடம் நோயைத் தேடவில்லை, பலத்தைத் தேடுகிறேன்" என்று சிரித்தபடி சொன்னார். வெளிநாடுகளிலிருந்து வந்த பிள்ளைகளை மட்டும் நூலகத்தில் உட்காரவைத்து ஆளுக்கொரு கேள்வித்தாள் கொடுத்தார்கள். என் பக்கத்தில் தாய்லாந்துக்காரி ஒருத்தி. அவளுடைய அம்மா ஓர் உணவகத்தில் சமைத்தார். இருவருக்கும் பதினான்கு வயது. எங்கள் அரைகுறை ஆங்கிலம்தான் எங்களைச் சிநேகிதிகளாக்கியிருந்தது.

நான் மாமா வீட்டில் இருந்தேன். அப்பா, அம்மா, தம்பி மூவரும் யாழ்ப்பாணத்தில். மாமி முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார்.

"என்ன கேட்டாலும் சந்தோசமா இருக்கிறன் எண்டு சொல்லு. வீட்டுக் கதையள் வெளியில போகக்கூடாது, விளங்குதோ?"

"ஓம் மாமி."

மாமிக்காக நான் பொய் சொல்ல வேண்டியே வரவில்லை. பயம் வந்தால் உன்னை நீயே தேற்றிக்கொள்வாயா என்று கேட்டிருந்தது. ஷெல் விழும்போது தம்பியின் காதைப் பொத்திக்கொண்டு கிடந்தவள் நான். ஆம் என்று குறித்தேன். உன்னைப் பற்றிப் பெருமைப்படுகிறாயா என்ற கேள்வியில் தாய்லாந்துக்காரி நின்றுவிட்டாள். தன்னைத் தானே மெச்சுவது மரியாதையில்லை என்று என் காதில் சொல்லிவிட்டு, இல்லை என்று குறித்தாள். கோபம் வந்தால் வெளியே சொல்வாயா? அதற்கும் இல்லை. மனதைக் குளிர்ச்சியாக வைத்திருப்பதுதான் அவர்கள் வீட்டில் பலம். அந்தப் பலத்தைப் பற்றி அங்கே யாரும் கேட்கவில்லை.

அவளுக்குத் தன்னம்பிக்கை போதாது என்று முடிவு வந்தது. வாரம் ஒருமுறை வகுப்பிலிருந்து கூட்டிப்போய்த் தன்னைப் பற்றிப் பேசப் பழக்கினார்கள். நானோ அசாதாரணத் திடமுள்ள பிள்ளை. மாமா அதைக் கலியாண வீடுகளில் சொல்லித் திரிந்தார்.

அந்தக் குளிர்காலத்தில் அப்பா செத்துப்போனதாகத் தொலைபேசி வந்தது. சண்டையில் அல்ல. மருந்துத் தடையில், சர்க்கரை நோய்க்கு இன்சுலின் கிடைக்காமல்.

"அவள் திடமான பிள்ளை, தாங்குவாள்" என்று மாமா மாமியிடம் சொன்னது எனக்குக் கேட்டது. திங்கட்கிழமை பள்ளிக்கு அனுப்பிவிட்டார்கள். வகுப்பாசிரியையிடம் விஷயத்தைச் சொல்லி, நானும் யாருடனாவது பேசலாமா என்று கேட்டேன். அவர் கனிவோடுதான் என் தோளைத் தொட்டார்.

"இடம் குறைவு. தாங்க முடியாத பிள்ளைகளுக்குத்தான் கொடுக்கிறோம். நீ பலமானவள்."

கணித வகுப்புக்குப் போனேன்.

மதியம் உடை மாற்றும் அறையில் தாய்லாந்துக்காரி என்னருகே வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு அது பேச்சுப் பழகும் நேரம். அவளைத் தேடிவந்த, பேச்சுப் பழக்கும் பெண்மணியிடம், "எனக்குக் கோபமாக இருக்கிறது, வரமாட்டேன்" என்றாள். கோபத்தைச் சொல்லிவிட்டாளே என்று அவர் மகிழ்ந்துபோனார். அவள் தேறிவிட்டாள் என்று அந்தப் பயிற்சியை நிறுத்தினார்கள். காலியான அந்த இடம் எனக்கு வரவில்லை.

சில வருடங்கள் கழித்து அம்மா தம்பியோடு லண்டனுக்கு வந்து சேர்ந்தார். மோர்டனில் வீடெடுத்து இருந்தோம். அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி அவர் தொடங்கும்போதெல்லாம் நான் எழுந்து தேநீர் போடக் குசினிக்குப் போய்விடுவேன்.

"உன்ர அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேக்க உனக்கு ஏலாதோ?" என்று ஒருநாள் கேட்டார்.

"தேத்தண்ணி ஆறுது அம்மா" என்றேன். அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையை என்னிடம் எடுக்கவேயில்லை.