குழலில் ஒரு டாலஃப்சன்

மெர்ல் டாலஃப்சனுக்குச் செத்த பிறகு சொர்க்கம் கிடைக்குமா என்ற கவலையெல்லாம் கிடையாது. தன் பெயரில் ஒரு தோட்டா இருக்குமா என்பதுதான் கவலை. அமெரிக்காவின் மொன்டானாவில் வீட்டுக்குள் லேத் வாங்கி வைத்த ஆண்களுக்கு வருகிற நோய் இது. கடையில் விற்கிற தோட்டாவின் பித்தளைக் கூட்டை எடுத்து, அதன் கழுத்தை இறுக்கி, வேறு அளவுக் குண்டைச் சொருகி, அதற்குத் தன் பெயரைச் சூட்டிவிட்டால் பிறவிப் பயன் அடைந்தாயிற்று என்று நினைப்பு. மெர்லுக்கு அந்த நோய் முற்றிப் போயிருந்தது. பகலில் கோதுமைக் கிடங்கில் லாரிகளை எடை போடுவான். மற்ற நேரமெல்லாம் கராஜ்தான். லேத்துக்குக் குளிரக் கூடாதென்று உள்ளே ஹீட்டர் எரியும். மனைவியின் கார் வெளியே பனியில் கிடக்கும்.

தோட்டா தயாராகிவிட்டது. துப்பாக்கிக் குழலின் பின்முனையில் அது உட்காருகிற அறையைக் குடைய, ரீமர் என்கிற குடைகருவியும் தபாலில் வந்துவிட்டது. அதன் தண்டில் தன் பெயரைப் பொறித்து அனுப்பச் சொல்லியிருந்தான். குடைவதற்கு ஒரு துப்பாக்கிதான் இல்லை. யாரும் தருவதாகவும் இல்லை. அவன் ஊரான கோல்டர் கிரீக்கில் அவ்வளவு ஏமாளிகள் இல்லை.

அப்போதுதான் அக்கா லியோனா வந்து சேர்ந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள். அவள் ஹார்ன் அடித்தால் பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றவர்களும் வாசலுக்கு ஓடி வருவார்கள். குளிர்காலம் முழுக்க அவள் வீட்டில் மான்கறிதான், அதையும் அவளேதான் சுட்டுக் கொண்டுவருவாள். அவளிடம் இருந்தது தாத்தாவின் பழைய ஒற்றைச்சூட்டு ரைபிள். அதற்கான தோட்டாவைக் கடைகளில் விற்பதை நிறுத்திவிட்டார்கள். மிச்சம் இருந்தது அரைப் பெட்டி.

"கடைல என்ன தோட்டா விக்கிறானோ அதுக்கு மாத்திக் குடு. உன் வித்தையெல்லாம் இதுல காட்டாத" என்று சொல்லித் துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள்.

முதல் பாதி மெர்லின் காதில் விழவே இல்லை. இரண்டாம் பாதி விழுந்தது, ஆனால் தங்கவில்லை. வேட்டை சீசன் திறப்பதற்கு முந்தைய நாள் ஐலீனின் காப்பிக் கடையில் ஊரைக் கூட்டி வைத்து, துப்பாக்கியை அக்காவின் கையில் கொடுத்து, 'உலகத்திலேயே முதல் டாலஃப்சன் இதுதான்' என்று அறிவிப்பதாக முடிவு செய்துவிட்டான். பேச்சைக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகையும் பார்த்தான்.

வேலையில் மட்டும் அவனைக் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். பழைய அறைக்குள் ஈயம்போல் இளகுகிற உலோகத்தை ஊற்றி, அச்சு எடுத்து, அளந்தான். புதுக் குண்டு குழலின் உட்புறத்துக்குச் சரியாகப் பொருந்துமா என்று பார்த்தான். குழலின் பின்வாயை அடைக்கிற பழைய பூட்டு எவ்வளவு அடி தாங்கும் என்று யோசித்து வெடிமருந்தைக் குறைத்தான். ரீமரைக் கையாலேயே திருப்பி, எண்ணெய் விட்டு, கொஞ்சம் குடைந்ததும் வெளியே எடுத்து இரும்புச் சீவலைத் துடைத்து, மறுபடி உள்ளே விட்டான். அறையின் ஆழத்தைச் சோதிக்கிற அளவுக் கட்டைகள் இரண்டையும் போட்டுப் பார்த்தான். ஒன்றின் மேல் பூட்டு மூட வேண்டும், மற்றதன் மேல் மூடக் கூடாது. அப்படியே நடந்தது. முதல் வேட்டுக்குத் துப்பாக்கியை லாரி டயரில் கட்டி, விசையில் கயிறு கட்டி, பிக்கப் வண்டிக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு இழுத்தான். வெளியே வந்த கூட்டை லென்ஸ் வைத்துப் பார்த்தான். ஒரு கீறல் இல்லை.

இதே கவனத்தோடு முடித்திருந்தால் மனிதன். கடைசி வேலை ஒன்று இருந்தது. அறையை மாற்றினால் குழலின் மேல் இருக்கிற பழைய தோட்டாவின் பெயரை அடித்துவிட்டுப் புதியதைப் பொறிக்க வேண்டும். துப்பாக்கிக்குள் என்ன போட வேண்டும் என்று சொல்ல அதற்கு வேறு வாய் கிடையாது. மெர்ல் பழைய எழுத்தைப் பார்த்தான். என்ன அழகு, இதைப் போய் அடிப்பதா என்று தோன்றியது. தோட்டாவின் பெயரோடு அளவையும் போடுவதுதான் வழக்கம். பெரிய ஆட்களுக்கு எண் எதற்கு என்று அதையும் விட்டுவிட்டான். பழைய எழுத்தை அப்படியே இருக்கவிட்டு, குழலின் பக்கவாட்டில், பூட்டுக்குப் பக்கத்தில், எழுத்துப் பஞ்ச்களை வரிசையாக வைத்துச் சுத்தியலால் அடித்தான். டாலஃப்சன். அவ்வளவுதான். ஒரு எழுத்து கொஞ்சம் சாய்ந்துகொண்டது. அதைக்கூட அழகு என்றுதான் நினைத்தான்.

லியோனா அவன் விழாவுக்குக் காத்திருக்கவில்லை. மெர்ல் கிடங்கில் இருந்தபோது கராஜுக்கு வந்து, தன் துப்பாக்கிதானே என்று எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மாலையில் வந்த மெர்ல், சுவரில் வெறும் ஆணியைப் பார்த்தான். அக்கா வந்து எடுத்துப் போனதாகவும், குறி பார்க்க ஜல்லிக் குழிக்குப் போவதாகச் சொன்னதாகவும் மனைவி சொன்னாள். என்ன தோட்டாவோடு போயிருப்பாள் என்று நினைத்ததுமே மேஜை இழுப்பறையை இழுத்துத் திறந்தான். அவன் செய்த டாலஃப்சன் தோட்டாக்கள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன. உடுப்பைக்கூட மாற்றாமல் வண்டியை விரட்டினான். குழிக்கு வளைகிற இடத்தில் வெடிச் சத்தம் கேட்டது. வழக்கமான சத்தம் இல்லை. வண்டியை நிறுத்தாமலே இறங்கப் பார்த்தான்.

லியோனா தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தாள். துப்பாக்கி பக்கத்தில் கிடந்தது. அகலமான புது அறைக்குள் ஒல்லியான பழைய தோட்டா தொளதொளவென்று உட்கார்ந்திருக்கிறது. வெடித்ததும் கூடு நெடுக்கக் கிழிந்து, நெருப்பும் புகையும் பின்பக்கமாக அவள் முகத்துக்கே வந்திருக்கிறது. மூக்குக்கண்ணாடியின் வலது சில்லு தூள். மெர்ல் மண்டியிட்டான். அந்த நிமிடம் தன் பெயரும் வேண்டாம், தோட்டாவும் வேண்டாம், அவள் கண் இருந்தால் போதும் என்று வேண்டிக்கொண்டான். அதுவரை அவன் எதற்கும் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

"அக்கா, கையை எடு. கண்ணு தெரியுதா?"

லியோனா கையை எடுத்தாள். வலது புருவம் பாதி இல்லை. கன்னம் கருகியிருந்தது. கண் இருந்தது.

"தெரியுது. மொதல்ல உன் மூஞ்சிதான் தெரியுது, அது என் தலையெழுத்து."

மெர்ல் அழுதுவிட்டான். அழுதவன் அதோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்குமா?

"பக்கத்துல டாலஃப்சன்னு அடிச்சிருந்தேனே அக்கா, நீ பாக்கலியா?"

"பாத்தேனே. நான் என்னடா, ஜான்சனாவா பொறந்தேன்? தாத்தா டாலஃப்சன், அப்பா டாலஃப்சன், நான் டாலஃப்சன். குடும்பத் துப்பாக்கியாச்சே, குடும்பப் பேரை அடிச்சிருக்கான், இதையாவது உருப்படியா செஞ்சானேன்னு நெனச்சேன். மேல பாத்தா பழைய தோட்டா பேரு அப்படியே இருக்கு. சரி, சோம்பேறி வேலைய ஆரம்பிக்கவே இல்லன்னு பழைய தோட்டாவப் போட்டேன்."

கோல்டர் கிரீக்கில் தடுக்கி விழுந்தால் ஒரு டாலஃப்சன் மேல்தான் விழ வேண்டும். தேவாலயக் கல்லறையில் பாதி டாலஃப்சன், பள்ளிப் பேருந்தில் கால்வாசி டாலஃப்சன். அந்த ஊரில் அந்தப் பெயரைப் பார்த்து 'ஓ, இது ஒரு தோட்டா' என்று நினைக்கப் பூமியில் ஒரே ஒருவன்தான் இருந்தான்.

கன்னத்துக்கு மருந்து போட்ட கையோடு லியோனா கராஜுக்கு வந்து, ஒரு முக்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அவள் பார்த்துக்கொண்டிருக்க, மெர்ல் பூட்டில் விரிசல் விழவில்லை என்று சோதித்தான். பிறகு குழலின் பின்துண்டை, தான் பார்த்துப் பார்த்துக் குடைந்த அறையோடும் பக்கவாட்டில் அடித்த பெயரோடும் சேர்த்து, அறுத்து எடுத்தான். மிச்சக் குழலுக்குப் புதிதாக மரை வெட்டி, கடையில் விற்கிற தோட்டாவுக்கு மறுபடி அறை குடைந்தான். மறுபடி அளவுக் கட்டை, மறுபடி டயர், மறுபடி கயிறு. மேலே இருந்த பழைய பெயரை, அழகான அந்த எழுத்தை, ஒவ்வொன்றாகப் பெருக்கல் குறி போட்டு அடித்தான். பக்கத்தில் புதிய தோட்டாவின் பெயரை, எண்ணோடு, முழுதாகப் பொறித்தான். லியோனா மாற்றுக் கண்ணாடியைப் போட்டு இரண்டு தடவை வாசித்த பிறகுதான் எழுந்தாள்.

அறுத்த துண்டை அவன் நைசாகச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்ளப் பார்த்தான். லியோனா கையை நீட்டினாள். கொடுத்தான்.

இப்போது அது ஐலீனின் காப்பிக் கடையில், கல்லாவுக்குப் பக்கத்தில், அறையின் வாய் மேலே பார்க்க நிற்கிறது. உள்ளே பல்குத்தும் குச்சிகள். அளவு கச்சிதம், செய்தவன் கைநேர்த்தி அப்படி. மெர்ல் வரும்போதெல்லாம் பெயரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பான். அவன் போனதும் ஐலீன் அதை முன்பக்கம் திருப்பி வைப்பாள்.

போன சீசனில் வேட்டைக்கு வந்த ஒரு வெளியூர்க்காரன் ஒரு குச்சியை உருவிக்கொண்டு, சாய்ந்த எழுத்தை வாசித்துவிட்டு, டாலஃப்சன் என்பது குச்சி செய்கிற கம்பெனியா என்று கேட்டான். கல்லாவருகே ஒரு துண்டு ஆப்பிள் பை தின்றுகொண்டிருந்த மெர்ல் நிமிரவில்லை. அடுத்த முக்காலியில் லியோனா இருந்தாள். வலது புருவம் இன்னும் பாதிதான் வளர்ந்திருந்தது.

"ஆமாங்க" என்றாள். "பல்லு குத்துங்க, ஒண்ணும் ஆகாது. வேற எதையும் அதுல போட்டுராதீங்க."