மூன்றாம் செமஸ்டரின் பெட்டிக் கணக்கு

மூன்றாம் செமஸ்டர் கால்குலஸில் என்ன இருக்கும் என்று ஒரு சீனியர் அக்காவிடம் கேட்டேன். "பெட்டி வரும். அத மட்டும் மனப்பாடம் பண்ணிக்கோ, பாஸ் ஆயிடுவ" என்றார். தருமபுரியில் நான் பி.எஸ்சி. கணிதம் படித்த கல்லூரியில் இதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை.

எனக்கோ பாஸ் ஆகாவிட்டால் படிப்பே கிடையாது. "ஒரு அரியர் வந்தாலும் போதும், ஓசூர் கம்பெனிக்குக் கெளம்பிடு" என்று அப்பா முதலிலேயே சொல்லிவிட்டார். விடிவதற்குள் எங்கள் ஊர் மாரண்டஹள்ளிக்கு வரும் கம்பெனி பஸ்ஸில்தான் எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர் வேலைக்குப் போனார்கள். எனக்குப் படிக்க வேண்டும் போலிருந்தது.

அதுவரை தாளில் தட்டையாகப் படுத்திருந்த கணக்கு, மூன்றாம் செமஸ்டரில் எழுந்து நின்றுகொள்ளும். பரப்பு, கன அளவு என்று வரும். எங்கிருந்து எதுவரை கூட்ட வேண்டும் என்பதுதான் லிமிட். படம் போடாமல் அது புரியாது. சார் படமே போட மாட்டார்.

"இந்த லிமிட் எப்படிங்க சார் வந்துச்சு?"

"அது அப்படித்தாம்மா வரும். எழுதிக்கோ."

மறுபடி கேட்டால் பக்கத்தில் இருப்பவள் இடிப்பாள். "சும்மா இருடி, பஸ் போயிரும்." கணக்குப் படிக்க வந்த இடத்தில் கணக்கைப் பற்றிக் கேட்பது குற்றம்! பற்றிக்கொண்டு வரும் எனக்கு.

பெட்டி என்பது ஒரு கனசதுரம். அதன் ஆறு பக்கங்களுக்கும் தனித்தனியாகக் கணக்குப் போட்டு ஒரு தேற்றத்தைச் சரிபார்க்க வேண்டும். வருஷா வருஷம் அதே கேள்வி. வகுப்பே அதை மைனஸ் குறி உட்பட நெட்டுருப் போட்டது. எனக்கு நெட்டுரு ஏறாது. வீட்டில் உட்கார்ந்து படமாக வரைந்து பார்த்தேன். "கணக்குப் படிக்கச் சொன்னா பொம்ம போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கா" என்று அம்மா திட்டினார்.

பரீட்சையில் பெட்டி வரவில்லை. அதே தேற்றத்துக்கு உருளையைக் கொடுத்திருந்தார்கள். எனக்கு ஒரே குஷி. முன்னால் இருந்தவளின் தாளைப் பார்த்தால், ஆறு பக்கம் பிரித்துப் பெட்டியை எழுதிக்கொண்டிருக்கிறாள்! வெளியே வந்து விசாரித்தால் எல்லோரும் அதையேதான் எழுதியிருந்தார்கள்.

நான் உருளையை வரைந்தேன். மேல்வட்டம், அடிவட்டம் இரண்டும் சுலபம். வளைந்த பக்கம்தான் நேரத்தைத் தின்றது. கடைசியில் தேற்றத்தின் இடப்புறமும் வலப்புறமும் ஒரே விடை வந்தபோது எழுந்து கத்தலாம் போலிருந்தது. மற்ற பெரிய கேள்விகளைத் தொடுவதற்குள் மணி அடித்துவிட்டது.

ரிசல்ட் வந்தது. தேற்றத்தை எழுதியதற்கு மார்க், ஃபார்முலாவுக்கு மார்க், பக்கத்தை நிரப்பியதற்கு மார்க் என்று பெட்டிக்காரர்கள் அத்தனை பேரும் பாஸ். அரியர் எனக்கு மட்டும்.

அப்பா கோபப்படவில்லை. அவருக்கு உண்மையாகவே விளங்கவில்லை.

"எல்லாரும் பாஸாமே. அவங்க என்னத்த எழுதுனாங்க?"

"பெட்டிக் கணக்குங்கப்பா."

"நீ ஏன் எழுதல?"

"கேள்வியில பெட்டியே இல்லைங்கப்பா."

"அப்ப அவங்களுக்கு மட்டும் இருந்துச்சா?" என்றார்.

எத்தனை வருஷம் கால்குலஸ் படித்தாலும் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அடுத்த திங்கட்கிழமை ஓசூரில் வேலைக்குச் சேர்ந்தேன்.