வீட்டில் சொன்னது

வசந்தா இப்போது செஞ்சி காந்தி பஜாரில் ஒரு ஜவுளிக்கடையில் பட்டுப்புடவைப் பிரிவில் நிற்கிறாள். இதற்கு முன் அவள் ஒரு தொண்டு நிறுவனத்தில் இருந்தாள். அனந்தபுரம் பக்கத்து ஊர்களில் வயசுக்கு வந்த பெண்களின் படிப்பு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள அவர்கள் ஒரு திட்டம் நடத்தினார்கள். பெண்ணிடம் மட்டும் பேசிப் பயனில்லை, அப்பா அம்மாவையும் உட்காரவைத்துப் பேச வேண்டும் என்பதுதான் அதன் அடிப்படை. பத்தாவதோடு தன்னைக் கட்டிக்கொடுத்துவிட்ட ஆத்திரம் வசந்தாவுக்குள் அப்படியே இருந்தது. சம்பளத்துக்காக மட்டும் அவள் அந்த வேலைக்குப் போகவில்லை.

கூட்டம் என்றால் அம்மாக்கள் வந்துவிடுவார்கள். அப்பாக்களைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. சென்ட்ரிங் வேலை செய்யும் கன்னியப்பன் முதலில் வந்ததே, மனைவி அமிர்தவல்லியைத் திட்டிக் கூட்டிக்கொண்டு போகத்தான். வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டான். அடுத்த கூட்டத்துக்கு உள்ளே வந்து உட்கார்ந்தான். மகள் வெண்மதி அப்போது பதினொன்றாவது, செஞ்சிக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தாள். கடையில் தலைநிமிர்ந்து நாப்கின் கேட்டு வாங்கிய அப்பா அந்தத் தெருவில் அவன் ஒருவன்தான். ஸ்பெஷல் கிளாஸ் இருந்தால் வேலையிலிருந்து நேராகப் போய் மகளை வண்டியில் ஏற்றிக்கொண்டு வருவான். திட்டத்தின் ஆண்டு விழாவில் அவனை மேடையேற்றினார்கள். தன் பெண் தன்னிடம் எதையும் மறைக்க மாட்டாள் என்று அவன் மைக்கில் சொன்னபோது வசந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. எதுவானாலும் நைனாவிடம் சொல், ஒளிக்காதே என்று வெண்மதிக்குப் படித்துப் படித்துச் சொன்னவள் அவள்தான்.

பிறகு திட்டம் முடிந்தது. நிறுவனம் வேறு மாவட்டத்துக்குப் போய்விட்டது. வசந்தா ஜவுளிக்கடைக்கு வந்தாள்.

ஐப்பசியில் ஒரு நாள் அமிர்தவல்லி தன் நாத்தனாருடன், கன்னியப்பனின் அக்காவுடன், கடைக்கு வந்தாள். முகூர்த்தப் புடவை வேண்டும் என்றார்கள். கல்யாணம் யாருக்கென்று வசந்தா கேட்கவில்லை. அமிர்தவல்லி அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றதிலேயே தெரிந்துவிட்டது.

நாத்தனார் ஜரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, அமிர்தவல்லி தணிந்த குரலில் நடந்ததைச் சொன்னாள். பஸ்ஸில் ஒருவன் வெண்மதியின் பின்னாலேயே வந்து நின்று தொல்லை கொடுத்திருக்கிறான். செல்போனில் படமும் எடுத்திருக்கிறான். வெண்மதி நேராக வந்து அப்பாவிடம் சொல்லிவிட்டாள். அன்றைக்குக் கன்னியப்பன் சோற்றில் கை வைக்கவில்லை. மறுநாள் காலையில் பள்ளிக்கூடம் வேண்டாம் என்றுவிட்டான். தொல்லை கொடுத்தவன் இப்போதும் அதே பஸ்ஸில்தான் போகிறான். அவனைப் போய்க் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

"நீங்க இருந்தப்போ எதுன்னாலும் உங்ககிட்ட வந்து கேப்பாரு மேடம். இப்போ யாரப் போய் கேப்பாரு? அவங்க அக்காவக் கேட்டாரு. அவங்க ஒரு மாப்பிள்ளயோட வந்துட்டாங்க."

வசந்தா புடவைகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள். அவளுக்குச் சம்பளம் அதற்குத்தான். நாத்தனார் அரக்கு நிறத்தில் ஒன்றை எடுத்தாள். அவர்களைப் பில் போட அனுப்பிவிட்டு, வசந்தா கடையின் பின்பக்கம் போய்க் குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் செய்தாள்.

அதிகாரிகள் வந்தார்கள். பதினெட்டு முடியும்வரை கல்யாணம் இல்லை என்று கன்னியப்பனிடம் எழுதி வாங்கினார்கள். போன் செய்தது யாரென்று ஊருக்கே தெரிந்துவிட்டது. கல்யாணம் நின்றதே தவிர, படிப்பு திரும்ப வரவில்லை. கன்னியப்பன் பெண்ணை அவலூர்பேட்டையில் அக்கா வீட்டில் கொண்டுபோய் விட்டான். டீச்சர்கள் வீடு தேடி வந்து கேட்டும் அனுப்பவில்லை.

கடைக்கு லீவு சொல்லிவிட்டு வசந்தா அவலூர்பேட்டைக்குப் போனாள். அத்தை அவளை உள்ளே கூப்பிடவில்லை. துணி காயப்போட வெளியே வந்த வெண்மதியுடன் கொடியடியில் நின்றுதான் பேச முடிந்தது. பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது என்றும், தலைமையாசிரியையிடம் தானே பேசுவதாகவும் வசந்தா சொன்னாள். வெண்மதி கையிலிருந்த பாவாடையை உதறிப் போட்டாள்.

"நான் வாயத் தொறக்காம இருந்திருந்தா, அவனே அலுத்துப் போயி விட்டிருப்பான்க்கா. நானும் பரிட்ச எழுதியிருப்பேன்."

குரலில் கோபம் இல்லை. அடுத்த துணியை எடுத்துக் கொடியில் போட்டாள்.

பதினெட்டு முடிந்ததும் வந்த முதல் முகூர்த்தத்தில் கல்யாணம் நடந்தது. சட்டத்தில் ஒரு குறையும் இல்லை. வசந்தாவுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. அமிர்தவல்லி இப்போது பஜாரில் அவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள்.

கன்னியப்பன் அப்படி இல்லை. போன வாரம் கூட்ரோட்டில் வசந்தா பஸ்ஸுக்கு நின்றபோது, எதிரே வந்தவன் வண்டியை நிறுத்தினான். பழைய மரியாதையோடு வணக்கம் வைத்தான். போன் செய்ததில் அவள்மேல் வருத்தம் எதுவும் இல்லை என்றான். தனக்கும் மனசு கேட்கவில்லை என்றும், பெண் நன்றாக இருக்க வேண்டும் என்றுதான் எல்லாம் செய்ததாகவும் சொன்னான்.

"அவளக் கேக்காம ஒண்ணும் பண்ணல மேடம். பக்கத்துல ஒக்கார வெச்சி, சம்மதமான்னு கேட்டுட்டுத்தான் தேதி குறிச்சேன்."

"இன்னாண்ணா சொன்னா?"

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"ஒண்ணும் சொல்லல" என்றான்.

பஸ் வந்தது. ஸ்பெஷல் கிளாஸ் முடிந்த பெண்கள் படியில் நெருக்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். வசந்தா அவர்களுக்கு நடுவே ஏறிக்கொண்டாள்.