ஒன்பது லட்சம் முறை வளைந்த தகடு

கோயம்புத்தூரில் உலோகங்களைச் சோதிக்கும் கூடமொன்றில் எட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவள் அபிஷா. ஜெபசிங்கைக் கல்யாணம் செய்து சங்கரன்கோவிலுக்கு வந்தபின், கழுகுமலை சாலையில் அவன் நடத்தும் வெல்டிங் பட்டறையில் போன் எடுப்பதும் சாமான் வாங்கி வைப்பதுமாக இருந்தாள். வேலை பழகிவிட்டது, பிடித்தது என்று சொல்ல முடியாது.

போன வருடம் சித்திரையில், ராயகிரியில் மசாலா மில் நடத்தும் ஆவுடையம்மாள் ஒரு எவர்சில்வர் சல்லடைத் தட்டோடு வந்து இறங்கினாள். மோட்டாரில் குலுங்கியபடியே மிளகாய்ப் பொடி சலிக்கும் தட்டு. மூன்றாவது முறையாக விரிசல் விட்டிருந்தது.

"இங்கன பாரு தம்பி. மூணு மாசங்கூடத் தாங்கல."

"நீங்க அளவுக்கு மேல கொட்டுதீங்க யக்கா. நான் போட்ட வெல்டிங் அப்படியேதான இருக்கு," என்றான் ஜெபசிங்.

வெல்டிங் அப்படியேதான் இருந்தது. விரிசல் அதன் ஓரமாக, முடி கனத்தில் ஓடியிருந்தது. அபிஷா நகத்தால் தடவிப் பார்த்தாள். ஆவுடையம்மாள் போனபின் ஜெபசிங்கிடம் சொன்னாள்.

"ஏங்க, இது லோடுனால ஒடையல. குலுங்கிக் குலுங்கியே தகடு சோர்ந்து போச்சு. வெல்டிங் தடிமனா இருக்கதால எல்லா இழுப்பும் அதோட ஓரத்துல வந்து நிக்குது."

"பதினஞ்சு வருசமா இந்த வேலை பாக்குதேன். எனக்கே சொல்லித் தாரியா?"

"சொல்லித் தரலங்க. சோதிச்சுப் பாப்போம்."

பழைய தறி மோட்டார் ஒன்றை வாங்கினாள். தகட்டுத் துண்டின் ஒரு முனையை இறுக்கிப் பிடித்து, மறுமுனையை மேலும் கீழும் ஒரே அளவில் வளைக்கும்படி பூட்டினாள். எத்தனை முறை வளைகிறது என்று எண்ண ஒரு மீட்டர். ஒரு மில்லிமீட்டர் கனத் தகட்டில் மூன்று விதமாக வெல்டிங் போட்டுக் கொடுத்தான் ஜெபசிங். தகட்டை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றித் தடிமனாகப் போட்டது முதலாவது; அதுதான் அவன் வழக்கம். விளிம்போடு விளிம்பு சேர்த்து, கரண்டைக் குறைத்து மெல்லிசாகப் போட்டது இரண்டாவது. மூன்றாவதில் அதையே தேய்த்துச் சமமாக்கினான். ஒன்றிரண்டு துண்டை நம்ப முடியாது என்று விதத்துக்கு ஆறு கேட்டாள் அபிஷா. அவனும் எதிலும் குறை வைக்கவில்லை.

தடிமனானவை எல்லாம் ஒரு லட்சம் தாண்டுவதற்குள் விரிசல் விட்டன. மெல்லிசு மூன்று லட்சம் வரை போயிற்று. தேய்த்தவை ஒன்பது லட்சத்தைத் தொட்டன. ஒன்று மட்டும் ஐந்து லட்சத்திலேயே உடைந்தது.

உடைந்த துண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தான் ஜெபசிங்.

"அந்த யக்கா மேல அநியாயமா பழியப் போட்டுட்டேன்லா," என்றான். அன்று சாயங்காலமே ஆவுடையம்மாளுக்குப் போன் செய்து, தப்பு தன்னுடையதுதான் என்று சொன்னான்.

மூன்றாவது விதத்தில் தேய்த்துச் செய்த புதுத் தட்டை வாங்க வந்தவள் அபிஷாவிடம் கேட்டாள்: "இனி ஒடையவே ஒடையாதுல்லா?"

"அப்படிச் சொல்ல மாட்டேன் யக்கா. ஆறு மாசத்துக்கு ஒருக்க கொண்டாங்க, பாத்துத் தாரேன்."

அதன்பின் இரண்டு முறை தட்டு வந்தது, விரிசல் இல்லை. இப்போது இன்னும் மெல்லிய, முக்கால் மில்லி தகட்டைச் சோதித்துக்கொண்டிருக்கிறாள் அபிஷா. இதுவரை எந்தத் துண்டும் இரண்டு லட்சத்தைத் தாண்டவில்லை.