லியோன் இல்லாத பாட்டு

1. "அவன மட்டும் எடுத்துரு"

டேப் ஓடி முடிந்ததும் ஹென்றி அண்ணாச்சி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "அருமையா இருக்குளா. இனி அந்தப் பாடுதவன மட்டும் எடுத்துரு" என்றார்.

இந்த ஸ்டுடியோவில் ரெக்கார்டிங் இன்ஜினியராகச் சேர்ந்ததிலிருந்து பலர் என்னிடம் பதிவிலிருந்து பலதை எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஃபேன் சத்தம், கப்பல் சங்கு, கல்யாண வீட்டு ஜெனரேட்டர். ஓர் ஆளை எடுக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

ஹென்றி அண்ணாச்சிக்குத் தூத்துக்குடித் துறைமுகத்தில் கிளியரிங் ஏஜென்சி. இளவயதில் ராக் பேண்ட் வைத்திருந்தார். அவர் கிட்டார், ரூபன் ட்ரம்ஸ், லியோன் பாட்டு. கப்பல்காரர்கள் விட்டுப்போன எல்.பி. இசைத்தட்டுகளைக் கேட்டே கற்றுக்கொண்டவர்கள். சொந்தமாக ஒரு தமிழ்ப் பாட்டு போட்டு, கோயில் ஹாலில் ஸ்பூல் ரெக்கார்டர் வைத்துப் பதிந்திருந்தார்கள். ரூபன் போன வருடம் இறந்துவிட்டார். அவர் வாசித்ததற்கு அந்த ஒரு டேப்தான் மிச்சம்.

"புதுசாவே ரெக்கார்டு பண்ணிரலாமே அண்ணாச்சி. நீங்க வாசிங்க, உங்க மகன் பாடட்டும்" என்றேன்.

"ரூபனுக்குப் பதிலா யாரு வாசிப்பா? நீயா?"

"அப்ப பாடுனவரும் இருந்துட்டுப் போட்டுமே."

"ஏளா, பாட்டு என்னோடது. அவன் பேண்ட விட்டுப் போயி, கல்யாண வீடு கல்யாண வீடா எம் பாட்டுன்னு சொல்லிப் பாடுனான். அவன் வேண்டாம். எம் மவன் பாடுவான். யூடியூப்ல போடும்போது உன் பேரையும் போடுதேன். சவுண்ட் இன்ஜினியர் ஸ்டெல்லா. போதுமா?"

போதும். எனக்கு வேண்டியது அதுதான். இந்த ஸ்டுடியோவில் நான் எதை மிக்ஸ் செய்தாலும் ஓனர் பெயர்தான் போகும். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர், அம்மா இறால் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். ஸ்டுடியோ என்றால் போட்டோ எடுக்கும் இடம் என்றுதான் அம்மா இன்னும் நினைக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரிக்கு பாஸ்போர்ட் சைஸ் எடுத்துத் தருவாயா என்று கேட்டாள். என் பெயரை ஒரு பாட்டின் கீழே காட்டினால் அவளுக்கு விளங்கும், வாசிக்கத் தெரியாவிட்டாலும்.

சரி என்றேன்.

2. ஒரே மைக்

சென்னையில் படிக்கும்போது பழைய வெளிநாட்டு ராக் ஸ்டுடியோக்களைப் பற்றி எங்களுக்குத் தனிப் பாடமே இருந்தது. டேப் காலத்திலேயே அவர்கள் ட்ரம்ஸுக்கும் பாடகருக்கும் நடுவில் தடுப்பு வைத்தார்கள். ஆளுக்கொரு மைக், ஆளுக்கொரு ட்ராக். ஒருவர் சத்தம் அடுத்தவர் மைக்கில் விழுவதற்கு லீக்கேஜ் என்று பெயர். சில ஸ்டுடியோக்கள் அதை ஒழிக்கப் பாடுபட்டன. சில ஸ்டுடியோக்கள், பேண்ட் ஒரே அறையில் நிற்பது கேட்கட்டும் என்று விட்டுவிட்டன.

கோயில் ஹாலில் அந்த விவாதத்துக்கே இடமிருந்திருக்காது. இருந்தது ஒரே மைக். ரூபனைத் தூரத்தில் உட்காரவைத்தார்கள், லியோன் கிட்ட நின்றார், கிட்டார் ஆம்ப்ளிஃபயரை ஒரு நாற்காலியில் ஏற்றினார்கள். யார் எவ்வளவு தூரத்தில் நின்றார்களோ அதுதான் மிக்ஸ். பிறகு யாரும் எதையும் மாற்ற முடியாது.

இப்போது முடியும். பழைய டேப் டெக்கின் ஹெட்டைத் துடைத்து, டேப்பை ஓடவிட்டு, கம்ப்யூட்டரில் ஏற்றி, பிரிக்கிற சாஃப்ட்வேரில் போட்டேன். டீ ஆறுவதற்குள் லியோன் ஒரு ஃபைல், ரூபன் ஒரு ஃபைல், ஹென்றி அண்ணாச்சி ஒரு ஃபைல். இந்த ஊரில் இதைச் செய்யத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பிறகு லியோனை மட்டும் சோலோவில் கேட்டேன். கிட்டார் வர வேண்டிய இடத்தில் ஓர் ஆள் சும்மா நிற்கிறார். மூச்சு கேட்கிறது. நடுவில், "ரூபா, மெதுவாலே!" என்று கத்துகிறார். பதில் இல்லை. பதில் சொல்ல வேண்டிய ட்ரம்ஸ் வேறு ஃபைலில் இருக்கிறது.

இந்த வேலையில் ஆட்கள் நேரில் வருவது குறைந்துவிட்டது. வாசிக்கிறவர்கள் வீட்டிலிருந்தே அனுப்பிவிடுகிறார்கள். முகம் தெரியாதவர்களின் மூச்சைப் பகல் முழுக்க ஹெட்போனில் கேட்கிறேன், மத்தியானம் தனியாகச் சாப்பிடுகிறேன், சாயங்காலம் பூட்டிவிட்டுப் போகிறேன். அது பழகிவிட்டது. ஆனால் அந்தக் குரலோடு அந்த அறையில் இருக்க முடியவில்லை. லியோன் இப்போது தருவைகுளத்தில் மீன்பிடிக்கிறார்; போய்ச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று ஓனரிடம் சொன்னேன்.

"எழவு சொல்லப் போற மாதிரி அவருகிட்ட எதுக்குப் போற?" என்றார் ஓனர்.

3. தருவைகுளம்

ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து பஸ் ஏறினேன். கடலுக்குப் போகாத நாள். லியோன் வீட்டு வாசலில் உட்கார்ந்து நண்டு வலையில் சிக்கு எடுத்துக்கொண்டிருந்தார்.

"யாரு மவ நீ?" என்றார். சொன்னேன். "ஹென்றி அனுப்பிவிட்டானா?"

"இல்ல மாமா. நானாத்தான் வந்தேன்."

ஹெட்போனைக் கொடுத்து அவர் குரலைப் போட்டேன். ஒரு வரி முடியவில்லை, கழற்றிவிட்டார்.

"யாரும்மா இது? கிறுக்கன் கத்துத மாதிரி இருக்கு."

"நீங்கதான் மாமா."

"நானா? ஏன் தனியாக் கெடந்து கத்துதேன்?"

"மத்தவங்கள எடுத்துட்டேன்."

"எடுத்தவங்கள எல்லாம் மொதல்ல திரும்பப் போடு."

போட்டேன். வலையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். கொஞ்ச நேரத்தில் சிரிக்க ஆரம்பித்தார். "இந்தா, இங்கன பாரு, ரூபன் லேட்டா வாரான், பொறவு ஓடுதான். எப்பவும் லேட்டா வாரவன்தான். சாவுதுக்கு மட்டும் முந்திக்கிட்டான்."

பாட்டு முடிந்த பிறகு விஷயத்தைச் சொன்னேன். அவர் கோபப்படவில்லை.

"பாட்டு ஹென்றியோடதுதான். எம் பாட்டுன்னு நான் சொல்லித் திரிஞ்சது நெசம். அப்ப வாயி அப்படி. எடுக்கச் சொன்னா எடுத்துரு, ரூபன் கெடக்கட்டும்." வலையை மறுபடி மடியில் இழுத்துப் போட்டார். "எடுத்தா அந்தக் குரலு எங்க போவும்?"

"என் கம்ப்யூட்டர்ல இருக்கும்."

"யாரு கேப்பா?"

ஹெட்போன் வயரைச் சுருட்டிப் பையில் போட்டேன். அவர் அடுத்த சிக்கில் விரலை விட்டார்.

4. ஹால்

திங்கட்கிழமை ஹென்றி அண்ணாச்சியிடம், "பாட்டு உங்களோடதுன்னு அவரே ஒத்துக்கிட்டாரு. அவர எடுக்க வேண்டாமே" என்றேன்.

"அங்க போனியா?" முகம் மாறிவிட்டது. "நீ வேலைக்கு இருக்கியா, பஞ்சாயத்துக்கு இருக்கியா?"

"அவர எடுக்கணும்னா நான் செய்ய மாட்டேன் அண்ணாச்சி. எம் பேரும் வேண்டாம்."

"பெரிய கலெக்டரு!" என்றார் ஓனர்.

அண்ணாச்சி பாட்டைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு சென்னைக்கு அனுப்பிவிட்டார். அங்கே யாரோ செய்து, மகனைப் பாடவைத்து, முடித்தும் கொடுத்தார்கள். நான் ஒருத்திதான் என்று நினைத்தது எவ்வளவு பெரிய நினைப்பு என்று அப்போது தெரிந்தது. ஓனர் சில நாள் என்னோடு பேசவில்லை. பேச அந்த ஸ்டுடியோவில் வேறு ஆளும் இல்லை.

பிறகு ஒரு மத்தியானம் அண்ணாச்சியே போன் செய்தார்.

"ஏளா, அந்தச் சென்னைக்காரன் சரியா எடுக்கல. எம் மவன் பாடி நிப்பாட்டுதான், பின்னால அவன் இருக்கான்."

அனுப்பச் சொல்லிக் கேட்டேன். சென்னைக்காரர் சரியாகத்தான் எடுத்திருந்தார். சாஃப்ட்வேர் எடுப்பது வாயிலிருந்து வந்த குரலை. அந்தக் குரல் சுவரிலும் கூரையிலும் முட்டித் திரும்பி வந்ததை அது குரல் என்று நினைக்கவில்லை. அதை ட்ரம்ஸோடு விட்டுவிட்டது. மகன் ஒவ்வொரு வரியையும் முடித்து நிறுத்தும்போது, பின்னால் வெகு தூரத்தில் வேறொருவர் அதே வரியைப் பாடி முடிக்கிறார்.

"அது அவரு இல்ல அண்ணாச்சி. ஹாலு. அவரு பாடுனது செவுத்துல முட்டித் திரும்புத சத்தம்."

"அதையும் எடு."

"ரூபன் மாமா அடிச்சதும் அதே செவுத்துல முட்டுனதுதான். ஹால எடுத்தா அவரும் போயிருவாரு. தகர டப்பாவத் தட்டுன மாதிரி இருக்கும். எடுக்கட்டுமா?"

துறைமுக ரோட்டில் லாரிகள் போகிற சத்தத்துக்கு மேல் அவர் குரலை உயர்த்தினார்.

"ரெண்டு பேரும் கெடக்கட்டும், விட்டுரு" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

பாட்டு அப்படியே வெளிவந்தது. கீழே அண்ணாச்சி பெயர், மகன் பெயர், ரூபன் பெயர், சென்னைக்காரர் பெயர். லியோன் பெயரும் இல்லை, என் பெயரும் இல்லை. அம்மாவிடம் எதையும் காட்டவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். பிரிப்பதற்கு முன் முழுப் பாட்டையும் ஒரு தடவை கேளுங்கள். பிரித்த பிறகு ஓர் ஆள் தனியாக நின்றால், அவர் உயிரோடு இருந்தால், பஸ் ஏறிப் போய் அவரைப் பாருங்கள். அதற்கு யாரும் சம்பளம் தர மாட்டார்கள், பெயரும் போட மாட்டார்கள். ஆனால் யாரை எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுக்க மாட்டீர்கள்.

லியோன் மாமாவின் ஃபைல் என்னிடம்தான் இருக்கிறது. அதைச் சோலோவில் போடுவதில்லை. ஆள் வராத மத்தியானங்களில் மூன்று பேரையும் சேர்த்துப் போட்டுக் கேட்கிறேன்.