மடைக்கு வந்த விஸ்கி

வந்தாறுமூலைப் பக்கத்து வயல் வட்டையில் எந்த வயலுக்கு எப்போது தண்ணீர் பாய்வது என்று முடிவு செய்கிறவர் வட்டை விதானை வினாயகமூர்த்தி. ஆள் குள்ளம், குரல் பெரியது. ஒன்றை நினைத்துவிட்டால், எருமைக் கடாவைத் திருப்பினாலும் திருப்பலாம், அவரைத் திருப்ப முடியாது. ஊருக்கே தெரிந்த இந்த உண்மை அவருடைய மனைவி மங்கையற்கரசிக்கு ஊரைவிட நன்றாகத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் வாய்க்கால் அளக்க ஒரு ஸ்கொத்லாந்துத் துரை வந்தார். வெள்ளத்தில் கூடாரம் அள்ளுப்பட்டுப் போனதும் வினாயகமூர்த்தியின் வீட்டில்தான் தங்கினார். மங்கையற்கரசியின் இறால் சொதியை வேர்க்க விறுவிறுக்கத் தின்றார். மாற்றலாகிப் போகும்போது ஒரு விஸ்கிப் போத்தலைக் கையில் தந்து, தனக்குத் தெரிந்த தமிழில் விளக்கமும் சொன்னார். இது கடையில் விற்கிற கலப்புச் சரக்கு இல்லை. தன் ஊரில் ஒரே வடிசாலையில், முளைகட்டிய பார்லியை மட்டும் கொண்டு வடித்து, வருஷக்கணக்கில் பீப்பாயில் கிடந்தது. முதலில் மணந்து பார்க்க வேண்டும். பிறகு கொஞ்சம் தண்ணீர் விட்டு மெல்லக் குடிக்க வேண்டும். தனியே மட்டும் குடிக்கக் கூடாது; கூட்டாளிகளோடு குடிக்க வேண்டும்.

வினாயகமூர்த்திக்குக் கூட்டாளிகள் என்றால் இரண்டே பேர். எருமை மந்தை வைத்திருக்கும் கந்தப்போடி ஒருவர். வாவியில் வலை போடும் நல்லரத்தினம் மற்றவர். இளவயதில் மூவரும் ஒரே கள்ளு முட்டியைச் சுற்றிக் குந்தியிருந்தவர்கள். கடைசித் துளியையும் விடாமல், முட்டிக்குள் தண்ணீர் விட்டுக் கழுவிக் குடிப்பார்கள். இவர்கள் இருவரும் சேர்ந்து வந்தால்தான் போத்தலைத் திறப்பது என்று வினாயகமூர்த்தி அன்றைக்கே முடிவு கட்டினார்.

ஆனால் நடந்தது வேறு. கந்தப்போடியின் எருமைகள் வாவிக்குள் இறங்கி நல்லரத்தினத்தின் புது வலையை நார்நாராகக் கிழித்துவிட்டன. நல்லரத்தினம் ஆத்திரத்தில் தோணிக் கம்பை வீசினார். முன்னால் நின்ற எருமையின் ஒரு கண் போயிற்று. மற்றவன் முதலில் வாயைத் திறக்கட்டும் என்று இரண்டு பேரும் முறுக்கிக்கொண்டு நின்றார்கள். ஊர் வழக்கெல்லாம் தீர்க்கிற விதானையாருக்கு இந்த வழக்கு மட்டும் தீரவில்லை. அதில் அவருக்கு வெட்கம் பாதி, துக்கம் பாதி.

போத்தல் நெல்லுப் பெட்டகத்துக்குள் போயிற்று. புளியந்தீவு அரசாங்கக் கச்சேரியிலிருந்து மோப்பம் பிடித்து வந்த உத்தியோகத்தருக்கு இளநீர்தான் கிடைத்தது. மைத்துனனின் கலியாணத்துக்கும் அது வெளியே வரவில்லை.

"இஞ்சாருங்க, அந்தப் போத்தலுக்கு ஒரு ஏணை கட்டிப்போடவா? தாலாட்டுறதுக்கு?" என்று மங்கையற்கரசி கேட்டாள்.

"கட்டு புள்ள. ஆனா திறக்கிறல்ல."

இப்படியே சில போகம் கழிந்தது. ஓர் அறுவடைக் காலத்தில்தான் அந்தச் செய்தி வந்தது. நல்லரத்தினம் குடும்பத்தோடு மாங்கேணிக்கே போகப் போகிறார். மனைவியின் ஊர், கடல் தொழில். வைரவருக்குப் படையல் வைக்கிற மடை முடிந்த மறுநாள் பயணம்.

"போறவன் போகட்டும். இந்தக் கோபத்தையும் மூட்டை கட்டிக்கொண்டு போக நான் விடமாட்டன்," என்று வினாயகமூர்த்தி பெட்டகத்தைத் திறந்தார். "மடையில வைக்கப்போறன்."

மங்கையற்கரசி திடுக்கிட்டாள். "மடையில வெச்சா அது ஊருக்குப் பொது. உங்களுக்கு ஒரு துளி மிஞ்சாது."

அது அவருக்கும் தெரியும். போத்தலைத் துடைத்துக் கக்கத்தில் இடுக்கினார். பிறகு தோளில் சால்வையைப் போட்டுக்கொண்டு நடந்தார்.

வயலையும் வாவிக்கரையையும் காப்பவர் ஒரே வைரவர். அதனால் வயல்காரரும் மீன்காரரும் சேர்ந்துதான் மடை வைப்பார்கள். படைத்த சாராயத்தை வரிசையாகக் குந்தியிருந்து ஒரே சிரட்டையில் கைக்குக் கை மாற்றிக் குடிப்பது வழக்கம். சிரட்டையை நிலத்தில் வைக்கக் கூடாது, வேண்டாம் என்று எழும்பவும் கூடாது; மீறினால் வட்டை விளையாது. வார்க்கிறவர் விதானை, கடைசியாகக் குடிப்பவரும் அவர்தான். கூட்டாளிகள் இருவரும் வருஷா வருஷம் வரிசையின் இரண்டு தொங்கலிலும் ஆளுக்கொரு பக்கமாகக் குந்திக்கொள்வார்கள்.

"கந்தப்போடி, நீ இஞ்சால வா. ரத்தினம், நீ அவனுக்குப் பக்கத்தில இரி," என்றார் வினாயகமூர்த்தி.

"ஏன், இவடம் காணாதா?" என்று நல்லரத்தினம் முறைத்தார்.

"சிரட்டை என்ட கையில இருக்கு. அதுதான் ஏன்."

மடையில் விதானையின் சொல்லுக்கு மறுசொல் இல்லை. முணுமுணுத்துக்கொண்டு வந்து இருந்தார்கள். வினாயகமூர்த்தி போத்தலைத் திறந்து, விஸ்கியை வார்த்து, கொஞ்சம் தண்ணீரும் விட்டுக் கந்தப்போடியிடம் நீட்டினார். கந்தப்போடி மணந்து பார்த்தார், ஒரு மிடறு குடித்தார், கண்ணை மூடினார். கண்ணைத் திறந்தபோது சிரட்டை அவர் கையிலேயே நின்றது. அடுத்தவர் நல்லரத்தினம். அவரோ வாவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சனம் எட்டி எட்டிப் பார்த்தது.

சிரட்டையைப் பிடித்திருந்த கந்தப்போடியின் கை அலுத்துத் தாழ்ந்தது. சிரட்டை சரியும்போல் இருந்தது. சட்டென்று நல்லரத்தினம் இரண்டு கையாலும் அதைத் தாங்கினார். தாங்கியதைக் குடித்தார்.

"தார் மணம்," என்றார் பொதுவாக. "தோணிக்குப் பூசின தார்."

கந்தப்போடிக்குப் பொறுக்கவில்லை. "போடா விசரா! எருமைப் பட்டிக்குப் போடுற புகை மணம்டா இது."

"உன்ட எருமையைப் பத்தி என்னோட கதையாத!"

"கண்ணைக் குத்திப்போட்டுக் கதைக்கவும் விடமாட்டியா?"

"என்ட வலையைக் கிழிச்சது ஆரு?"

பிடித்துக்கொண்டது சண்டை. சிரட்டை அவர்களைத் தாண்டி வரிசையில் போய்க்கொண்டிருந்தது. வினாயகமூர்த்தி வார்த்துக் கொடுத்தாரே தவிர விலக்குப் பிடிக்கவில்லை. யாரையும் விலக்கவும் விடவில்லை. சேர்த்து வைத்த ஏச்செல்லாம் தீர்ந்த பிறகு நல்லரத்தினத்தின் குரல் இறங்கியது.

"அந்த வாயில்லாச் சீவன்ட கண்ணை நினைச்சா இப்பவும் நித்திரை வாறல்லடா."

கந்தப்போடி முகத்தைத் துடைத்தார். "மற்றக் கண்ணால நல்லாத்தான் மேயுது. நீ ஏன் அழுறாய்?"

சிரட்டை வினாயகமூர்த்தியிடம் திரும்பி வந்தது. அவர் போத்தலைக் கவிழ்த்துப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. ஆசையாகத்தான் இருந்தது அவருக்கு, மனிதர்தானே.

நல்லரத்தினம் போத்தலைப் பறித்து அதற்குள் தண்ணீர் விட்டார். கந்தப்போடி வாங்கிக் குலுக்கிச் சிரட்டையில் வார்த்தார். கழுவின தண்ணீரை வினாயகமூர்த்தி துரை சொன்னபடியே முதலில் மணந்து பார்த்து, பிறகு மெல்லக் குடித்தார்.

"இப்ப நீ தீர்ப்புச் சொல்லு," என்றார் கந்தப்போடி. "தாரா, புகையா?"

வினாயகமூர்த்தி வாயைத் துடைத்தார்.

"சொல்லமாட்டன். நீங்க ரெண்டு பேரும் கதைச்சுத் தீருங்க. அது தீருமட்டும் ஒருத்தனும் மாங்கேணிக்குப் போறல்ல."